அம்பு விஷமும் சர்க்கரை வியாதியும் – கிளாட் பெர்னார்டின் வாழ்க்கை



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, பி.யு.சி. காலத்து நினைவுகளை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். விடுதிச் சாப்பாடு, கரிசல் மண்ணில் சைக்கிள் சக்கரம் சிக்கிய மழைநாட்கள், தியேட்டரில் பிடிபட்ட கதை – இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் மயக்க மருந்து டாக்டராக இருந்தவன். எனக்குத் தெரிந்ததை எழுதினால் யாருக்காவது பயன்படும் என்று தோன்றியது.

போன சந்திப்பில் மதியச் சாப்பாட்டின்போது ஒன்றைக் கவனித்தேன். எங்கள் பந்தியில் பாயசம் வந்ததும் பாதிப் பேர் கையை நீட்டி மறித்தார்கள். மற்றவர்கள் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு பாயசத்தைக் குடித்தார்கள்! கம்மங்கூழும் குதிரைவாலிச் சோறும் சாப்பிட்டு, காட்டு வேலை பார்த்து வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். இன்று சீனி வியாதி இல்லாத வீடு நம்ம ஊர்ப்பக்கம் அபூர்வம். அதனால்தான் இந்த ஆளைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் கிளாட் பெர்னார்டு. பிரான்ஸ் நாட்டுக்காரர். இறந்து ஏறக்குறைய 150 வருடமாகிறது. சர்க்கரை வியாதிக்கும் மயக்க ஊசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், முதலில் இவர் பெயரைத்தான் நான் சொல்வேன்.

அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மதிய வேளை

பல வருடங்களுக்கு முன், ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் உண்டு என்று சொல்லியிருந்தார். நானும் கேட்டுக் குறித்துக்கொண்டேன், அதோடு விட்டுவிட்டேன். தசைகளைத் தளர்த்தும் மருந்தை எல்லோருக்கும் கொடுக்கும் அளவில், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தேன். தளர்ச்சி எவ்வளவு மீதி இருக்கிறது என்று அளக்கும் கருவி அன்று அங்கே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாற்று மருந்தும் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த அம்மா கண் திறக்கவில்லை. கையைப் பிடிக்கச் சொன்னால் விரல் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். மூச்சு மேலோட்டமாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டு நின்றேன். கதவுக்கு வெளியே அவர் மகன் நின்றுகொண்டிருந்தான். நம் கல்லூரியில் படித்த பையன்.

அம்மா பிழைத்தார். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது, நாங்கள் பேசியது எல்லாம் கேட்டது, இமையைத் தூக்கத்தான் முடியவில்லை என்று மெல்லச் சொன்னார். குறை சொல்லவில்லை, சும்மா சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. அறிவு விழித்திருக்க, உடம்பு மட்டும் கட்டுண்டு கிடக்கும் அந்த நிலையை, 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவைத்தவர் பெர்னார்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாணவனாக இருந்தபோது பரீட்சைக்காகப் படித்த பெயரை, அன்று ராத்திரி மனுஷனாக நினைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

திராட்சைக் காட்டுப் பிள்ளை

பெர்னார்டு பிறந்தது 1813 ஜூலை 12. ஊர் சான் ஜூலியான் என்ற சின்னக் கிராமம். லியோன் நகருக்கு வடக்கே, திராட்சை விளையும் பகுதி. அப்பா திராட்சைத் தோட்டத்துக்காரர். வசதி பெரிதாக இல்லை. மானாவாரிப் பருத்தியும் மிளகாய் வத்தலும் விளைந்தால் பீஸ் கட்டுவோம், விளையாவிட்டால் வாத்தியாரிடம் தவணை கேட்போம் என்று படித்த நமக்கு, அந்த வீட்டு நிலைமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படிப்பை முடிக்க முடியாமல், லியோன் நகரின் ஓரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கடையில் தேரியாக் என்று ஒரு மருந்து. மீந்துபோனது, கெட்டுப்போனது எல்லாவற்றையும் அந்தப் பானையில் போடுவார்களாம். அதையே சர்வரோக நிவாரணி என்று விற்பார்கள். மருத்துவம் என்பது இவ்வளவுதானா என்ற சந்தேகம் அந்தப் பையனுக்கு அங்கேதான் பிறந்தது.

அவருக்கு ஆசை நாடகம் எழுதுவதில். ஒரு சின்ன நாடகம் லியோனில் மேடை ஏறியது. அந்தத் தைரியத்தில் ஐந்து அங்க வரலாற்று நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டு 1834-ல் பாரிஸ் போனார். அங்கே ஒரு விமர்சகர் படித்துப் பார்த்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொள், மருந்துக் கடையில் இருந்திருக்கிறாய், மருத்துவம் படி என்று புத்தி சொன்னார். அந்த ஒரு புத்திமதிதான் உலகத்துக்கு ஒரு விஞ்ஞானியைக் கொடுத்தது.

தோல்விப் பட்டியல்

இந்தப் பகுதியை இன்றைய மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பெர்னார்டு மருத்துவக் கல்லூரியில் மெச்சத்தக்க மாணவர் அல்ல. பயிற்சி டாக்டர் தேர்வில் தேறியவர் பட்டியலில் கடைசி வரிசையில்தான் இருந்தார். 1843-ல் பட்டம் பெற்றார். 1844-ல் ஆசிரியர் பதவிக்கான போட்டித் தேர்வு எழுதித் தோற்றார். ஊருக்கே திரும்பிக் கிராம டாக்டராக இருந்துவிடலாமா என்றும் யோசித்தார்.

ஆனால் அவர் கையில் ஒரு வித்தை இருந்தது. மஜாந்தி என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் 1841 முதல் உதவியாளராக இருந்தார். பேராசிரியர் முரட்டு சுபாவம். ஆனால், சீடன் கையின் நுட்பத்தைப் பார்த்ததும் இவன் என்னையே மிஞ்சுவான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

1845-ல் பாரிஸ் டாக்டர் ஒருவரின் மகளை மணந்தார். வந்த சீதனத்தில்தான் ஆராய்ச்சி நடந்தது. சொல்லப்போனால் அந்தக் கல்யாணத்தின் துன்பமும் அங்கேதான் தொடங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தவளைக் கால் சொன்ன சேதி

தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பு நுனியில் குராரே என்ற விஷத்தைத் தடவி வேட்டையாடுவார்கள். அம்பு பட்ட மிருகம் கத்தாமல் துள்ளாமல் அப்படியே சரிந்துவிடும். அந்தக் கறியைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இந்த விஷம் பெர்னார்டு கைக்கு 1844-ல் வந்தது. இது எப்படிக் கொல்கிறது என்று அவர் கேட்டார்.

அவர் செய்த சோதனை எளிமையானது. ஒரு தவளையின் பின்னங்கால்களுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கட்டுப்போட்டு நிறுத்தினார். நரம்புகளை மட்டும் விட்டுவிட்டார். பிறகு முதுகுத் தோலுக்கு அடியில் விஷத்தை வைத்தார். ரத்தம் போன இடமெல்லாம் விஷம் போனது. முன்பாதி உடம்பு துவண்டது. இப்போது துவண்டு கிடந்த முன்பாதியைக் கிள்ளினார். பின்னங்கால்கள் உதைத்தன!

யோசித்துப் பாருங்க. கிள்ளியது தெரிந்திருக்கிறது. சேதி தண்டுவடத்துக்குப் போயிருக்கிறது. விஷம் எட்டாத கால் பதில் சொல்லியிருக்கிறது. ஆக, உணர்ச்சி சாகவில்லை. துவண்ட தசையின் மேல் நேராக மின்சாரம் வைத்தால் அதுவும் சுருங்கியது. ஆக, தசையும் சாகவில்லை. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளைதான் அறுந்திருக்கிறது. மூச்சு விடும் தசைகளும் அப்படியே நின்றுபோவதால்தான் மரணம். மூச்சை நாம் செயற்கையாக ஊதிக் காப்பாற்றினால், விஷம் வடிந்ததும் பிராணி எழுந்துவிடும்.

வெளியே அமைதியாகத் தெரியும் அந்த மரணத்துக்குள் அறிவும் உணர்ச்சியும் விழித்தே இருக்கின்றன என்பதை உருக்கத்தோடு எழுதியிருக்கிறார் பெர்னார்டு. நாடக ஆசிரியராக வேண்டியவர் அல்லவா! விஷம் நரம்பின் முனையையே தாக்குகிறது என்று அவர் கருதினார்; நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் அது வேலை செய்கிறது என்பது பின்வந்தவர்களால் தெளிவானது.

கழுவிய கல்லீரலில் சர்க்கரை

அதே மனிதர் அதே வருடங்களில் இன்னொரு கேள்வியையும் பிடித்துக்கொண்டிருந்தார். உடம்பில் உள்ள சர்க்கரை எங்கிருந்து வருகிறது? சாப்பாட்டிலிருந்துதான், பிராணிகளால் சர்க்கரையை உண்டாக்க முடியாது என்பதே அன்றைய பாடம். பெர்னார்டு நாய்களுக்கு வெறும் இறைச்சியைக் கொடுத்தார். அப்படியும் கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. இது 1848-ல்.

எப்போதும் ஒரே கல்லீரலில் இரண்டு முறை அளந்து சரிபார்ப்பது அவர் வழக்கம். ஒருநாள் நேரமில்லாமல் இரண்டாவது அளவையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். மறுநாள் சர்க்கரை பல மடங்கு கூடியிருந்தது. வேறொருவராக இருந்தால் கணக்குத் தப்பு என்று தூக்கிப் போட்டிருப்பார். இவர் விடவில்லை. கல்லீரலின் குழாய்களில் தண்ணீரைப் பாய்ச்சி, சர்க்கரை துளியும் இல்லாதவரை கழுவி வைத்துப் பார்த்தார். மறுநாள் மீண்டும் சர்க்கரை! அப்படியானால் கல்லீரலுக்குள் ஏதோ ஒரு பொருள் இருப்பு வைக்கப்பட்டிருக்கிறது. 1857-ல் அதைப் பிரித்தெடுத்தார். அதுதான் கிளைகோஜன். நம்ம வீட்டுக் குலுக்கையில் தானியத்தைக் கொட்டிவைத்துத் தேவைப்படும்போது எடுப்பது மாதிரி, உடம்பும் சர்க்கரையைச் சேமித்து வைத்து எடுக்கிறது.

1849-ல் இன்னொரு அதிசயம். முயலின் மூளையின் அடிப்பகுதியில் ஓர் இடத்தில் ஊசியால் குத்தினால் அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது. சர்க்கரைக்கும் நரம்புக்கும் உறவு உண்டு என்று முதலில் காட்டியது அந்த ஊசிதான்.

ஆனால் இவ்வளவு கெட்டிக்காரரும் ஓரிடத்தில் கோட்டைவிட்டார். கணையத்தின் நீர் கொழுப்பைச் செரிக்க வைக்கிறது என்று கண்டுபிடித்ததே இவர்தான். கணையத்தின் குழாயில் கொழுப்பைச் செலுத்தி அந்த உறுப்பை அழித்தும் பார்த்தார். நாய்க்குச் சர்க்கரை வியாதி வரவில்லை. ஆகவே கணையத்துக்கு இதில் பங்கில்லை என்று நினைத்துவிட்டார். அவர் இறந்து 11 வருடம் கழித்து, 1889-ல், மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் கணையத்தை முழுவதுமாக எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று போதித்தவர் அவர். அந்தப் போதனை அவருக்கே பொருந்திப்போனது!

வீட்டில் தோற்றவர்

புகழ் வந்தது. 1854-ல் சோர்போனில் பேராசிரியர். மஜாந்தி இறந்ததும் 1855-ல் அவர் இடமும் இவருக்கே. ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. உயிருள்ள பிராணிகளை அறுத்துச் செய்யும் சோதனைகளை மனைவி அடியோடு வெறுத்தார். இரண்டு மகள்களும் தாய் பக்கமே நின்றார்கள். கடைசியில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். அந்தச் சோதனைகளால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்பது உண்மை. அந்தப் பிராணிகள் பட்ட வேதனையும் உண்மை. அந்த அம்மாள் கேட்ட கேள்வியைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1860-களில் உடல்நலம் கெட்டது. ஈரம் படிந்த ஆய்வுக்கூடமும் ஒரு காரணம் என்பார்கள். சொந்த ஊருக்கே போய், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் ஓய்வெடுத்தார். சும்மா இருக்கவில்லை. சோதனை வழி மருத்துவத்துக்கு ஒரு முன்னுரையாக அவர் எழுதிய நூல் 1865-ல் வெளிவந்தது. நோயாளியின் அனுபவத்தைக் கேட்டால் மட்டும் போதாது, காரணத்தைச் சோதித்து அறிய வேண்டும் என்று மருத்துவத்துக்குப் பாதை போட்ட நூல் அது. வெளியே வெயிலும் குளிரும் மாறினாலும் உடம்புக்குள் இருக்கும் சூழல் மாறாமல் காக்கப்படுகிறது என்ற கருத்தும் அவர் தந்ததே.

மயக்கத்திலும் அவர் கை உண்டு. முதலில் மார்பின் கொடுத்துவிட்டால் குளோரோஃபார்ம் குறைவாகப் போதும் என்று காட்டியவர் அவர். ஆபரேஷனுக்கு முன் ஒரு ஊசி போடும் வழக்கத்துக்கு அது ஓர் ஆரம்பம். 1875-ல் மயக்க மருந்துகளைப் பற்றியும், 1877-ல் சர்க்கரை வியாதியைப் பற்றியும் அவருடைய விரிவுரைகள் புத்தகமாக வந்தன. 1878 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் காலமானார். பிரான்ஸ் அரசு மரியாதையோடு அடக்கம் செய்த முதல் விஞ்ஞானி அவர்தான்.

இரண்டு பாதைகள் சேரும் இடம்

குராரே ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம். பெர்னார்டு இரண்டையும் தனித்தனியாகத்தான் ஆராய்ந்தார். இரண்டும் ஒரே ஆபரேஷன் மேஜையில் சந்தித்தது அவர் காலத்துக்குப் பிறகு. 1922-ல் கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அதனால் சர்க்கரைக்காரர்கள் பல்லாண்டு வாழ்ந்தார்கள், ஆபரேஷனுக்கும் வந்தார்கள். 1942 ஜனவரியில் அதே கனடாவின் மாண்ட்ரியலில் டாக்டர் கிரிஃபித்தும் டாக்டர் ஜான்சனும் குராரேயை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்து வெற்றி கண்டார்கள். அம்பு விஷம் மருந்தாகிவிட்டது. இன்று நாங்கள் கொடுக்கும் வெக்குரோனியம், ரோகுரோனியம், அட்ரகுரியம் எல்லாம் அதே வேலையைச் செய்யும் வம்சம்.

நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரந்து, தசையில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும். தளர்த்தும் மருந்து அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. இயற்கை தாராளமாக இருப்பு வைத்திருக்கிறது. நாலில் மூன்று பங்கு ஏற்பிகள் அடைபட்ட பிறகுதான் பலவீனமே வெளியில் தெரியும். அதாவது, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஆளுக்கும் உள்ளே பெரும்பகுதி அடைபட்டிருக்கலாம்.

நாள்பட்ட சர்க்கரையில் என்ன நடக்கிறது? நரம்பு முனைகள் தேய்கின்றன. நுண் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தசைக்கு வந்த மருந்து சீக்கிரம் திரும்பிப் போவதில்லை. சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டிருந்தால் மருந்து வெளியேறுவதும் தாமதம். வெக்குரோனியம் கொடுத்த சர்க்கரை நோயாளிகளுக்குத் தசை பலம் திரும்ப அதிக நேரமாகிறது என்று ஜப்பானில் நடந்த ஆய்வுகள் காட்டின. எல்லோருக்கும் ஒரே அளவில் தாமதமாகும் என்றில்லை. அதனால்தான் கடிகாரத்தை நம்பக்கூடாது.

நம்ப வேண்டியது அளவையை. மணிக்கட்டு நரம்பில் நான்கு முறை லேசாக மின்சாரம் தட்டி, நான்காவது துடிப்பு முதல் துடிப்பில் எத்தனை பங்கு என்று பார்ப்போம். முன்பு 0.7 இருந்தால் போதும் என்றார்கள். இப்போது 0.9 வந்தால்தான் குழாயை எடுக்கலாம் என்பது விதி. சர்க்கரையால் அந்த நரம்பே கெட்டிருந்தால் கருவியும் ஏமாற்றும்; அதையும் மனதில் வைக்க வேண்டும். மாற்று மருந்திலும் முன்னேற்றம் வந்திருக்கிறது. பழைய நியோஸ்டிக்மின் அசிட்டைல்கோலினைக் கூட்டித் தருகிறது. 2008-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சுகமாடெக்ஸ், ரோகுரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் ரத்தத்திலேயே பிடித்துக் கட்டிவிடுகிறது. எது இருந்தாலும், அளந்து பார்க்காமல் கொடுத்தால் என் கதைதான்.

நம் ஆட்களுக்கு நாலு வார்த்தை

நண்பர்களே, ஆபரேஷன் என்று வந்தால் மயக்க டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். எத்தனை வருடச் சர்க்கரை, பாதத்தில் மதமதப்பு உண்டா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிப்போகிறதா – எல்லாம் சொல்லுங்கள். வயிறு காலியாகத் தாமதமானால், பட்டினி கிடந்தாலும் உள்ளே சாப்பாடு தங்கியிருக்கும். அது மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. இரண்டு கைகளையும் கும்பிடுகிற மாதிரி சேர்த்துப் பாருங்கள். விரல்கள் ஒட்டாமல் இடைவெளி விழுந்தால், மூட்டுகள் இறுகியிருக்கின்றன என்று அர்த்தம். குழாய் போடுவது சிரமமாகலாம் என்று எங்களுக்கு அது முன்கூட்டியே சொல்லும். நீங்கள் சாப்பிடும் மாத்திரை, போடும் ஊசி எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். சில புதிய மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தளர்ச்சியை அளக்கும் கருவி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல டாக்டர் யாரும் கோபிக்க மாட்டார்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. கரிசல் காட்டிலிருந்து வந்தவன், ஆங்கிலம் வராது, மார்க்கு போதாது என்று கூசாதீர்கள். பெர்னார்டு தேர்வில் கடைசி வரிசை, நாடகத்தில் தோல்வி, ஆசிரியர் தேர்வில் தோல்வி. ஆனால் மறுநாள் கூடிவந்த சர்க்கரை அளவைத் தப்பு என்று தள்ளாமல், ஏன் என்று கேட்டார். அந்த ஒரு குணம் போதும். வருடா வருடம் திராட்சை அறுப்புக் காலத்தில் அவர் ஊர் திரும்பிவிடுவாராம். நாமும் இந்தச் சந்திப்புக்கு வருகிறோமே, அதைப்போல.

அந்த அம்மாவை அதற்குப் பிறகும் சில முறை பஜாரில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவரே முந்திக்கொண்டு என் சுகத்தை விசாரிப்பார். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு தளர்ச்சி அளக்கும் கருவி ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கினேன். ஓய்வு பெறும்வரை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அது என் பையில் இருந்தது. இப்போது நம் ஊர் இளைய டாக்டர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த வருடப் பந்தியில் பாயசம் வந்தால் அளவோடு குடியுங்கள். அனைவரும் நலமுடன் வாழ்க! வளர்க நம் கல்லூரி!